தண்ணீர் திறக்கும் நேரம்

சனிக்கிழமை வகுப்பில் யாருக்கும் பெயர் கிடையாது. பேராசிரியர் எல்லாரையும் அவரவர் வேலை பார்க்கும் துறையை வைத்தே கூப்பிடுவார். "நூலகம், நீங்க சொல்லுங்க" என்பார். "போக்குவரத்து, முழிச்சிருக்கீங்களா?" என்பார். அரசு அலுவலகங்களும் தொண்டு நிறுவனங்களும் எப்படி நிர்வகிக்கப்படுகின்றன என்பதைப் பற்றிய படிப்பு அது. படிக்க வந்தவர்கள் எல்லாரும் ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள். மருத்துவமனையில் நோயாளிகளைப் பதிவு செய்யும் பிரிவில் இருந்த அவளுக்கு 'ஆஸ்பத்திரி' என்று பெயர் விழுந்தது. குடிநீர்த் துறையில் வால்வு இன்ஸ்பெக்டராக இருந்தவர் 'தண்ணி' ஆனார். இடைவேளையில் எல்லாருக்கும் டீ வாங்கித் தருவதும் அவர்தான்.

மற்றவர்கள் பதவி உயர்வுக்காக வந்தார்கள். அவளும் அதற்காகத்தான் வந்தாள், ஆனால் அது மட்டும் காரணமில்லை. ஒரு வேலை ஒரு கையிலிருந்து அடுத்த கைக்கு எப்படிப் போகிறது, எங்கே போய் முட்டிக்கொண்டு நிற்கிறது என்று பார்ப்பதில் அவளுக்கு ஒரு பைத்தியம். வீட்டில் பாத்திரம் கழுவும் வேலையைக்கூட ஒருமுறை கட்டம் கட்டமாக வரைந்து, அம்புக்குறி போட்டு, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். கணவன் அதை நின்று நிதானமாகப் படித்தான். "எல்லா அம்பும் சுத்திச் சுத்தி என்கிட்டயே வந்து நிக்குதே. இது படிப்பா, சதியா?" என்று கேட்டுவிட்டுக் கழுவப் போனான்.

அந்த வருடம் பேராசிரியர் கொடுத்த வேலை இதுதான். ஒவ்வொருவரும் தன் துறைக்கு வெளியே ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து, சில மாதம் போய் உட்கார்ந்து, அங்கே வேலை ஓடும் விதத்தைப் படமாக வரைய வேண்டும். வகுப்பில் பேசும் நாளுக்கு ஒரு வாரம் முன்னதாகவே அந்தப் படத்தின் பிரதி எல்லாருக்கும் கொடுக்கப்படும். மற்றவர்கள் படித்துவிட்டு வந்து கேள்வி கேட்க வேண்டும். நல்ல முறைதான். வரைந்தவருக்குத் தெரியாத ஓட்டை படிப்பவர் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

அவள் ஒரு காப்பகத்தைத் தேர்ந்தெடுத்தாள். வீட்டில் அடி வாங்கி, உயிருக்குப் பயந்து வெளியே வந்த பெண்களும் அவர்களுடைய பிள்ளைகளும் தங்கும் இடம். மருத்துவமனைக்குக் காயத்தோடு வரும் சில பெண்களை அங்கே அனுப்புவது உண்டு. அந்தப் பழக்கத்தில் காப்பகத்தின் நிர்வாகியை அவளுக்குத் தெரியும். எல்லாரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

காப்பகம் இருக்கும் இடம் வெளியே தெரியக் கூடாது. ஒரு பெரிய வீடு, அதில் பத்துக் குடும்பம். அவர்களுக்குச் சமையல், மருந்து, பள்ளிப் பாடம், துணிமணி எல்லாம் வேண்டும். வேலை செய்ய ஆட்கள் வேண்டும். இத்தனை பேர் புழங்கும் இடத்தை எப்படி ரகசியமாக வைத்திருப்பது? யாரிடமும் சத்தியம் வாங்கவில்லை. வேலையைத் துண்டு துண்டாக வெட்டி, பக்கத்துப் பக்கத்துத் துண்டுகள் ஒரே ஆளின் கைக்குப் போகாதபடி பிரித்திருந்தார்கள். போன் எடுக்கும் பெண்ணுக்கு வீடு தெரியாது. மருத்துவமனை வாசலில் ஆளை ஏற்றும் டிரைவர் ஒரு சலவைக்கடை வரைக்கும்தான் வருவார். அங்கிருந்து வேறு வண்டி, வேறு டிரைவர். காய்கறி வாங்கித் தருபவருக்கு அது யார் சாப்பாட்டுக்கு என்று தெரியாது. உதவித்தொகை கொடுக்கும் அரசுத் துறையின் அதிகாரிகூட, நகரின் நடுவில் ஒரு வாடகை அறையில் உட்கார்ந்துதான் காப்பகத்தின் கணக்குகளைச் சோதிப்பார்.

ஆட்கள்மேல் அவ்வளவு சந்தேகமா என்று அவள் அக்காவிடம் கேட்டாள்.

"சந்தேகம் இல்லம்மா. அவங்கள காப்பாத்தவும்தான். தெரியாதத யாராலயும் சொல்ல முடியாது, கழுத்துல கத்தி வச்சுக் கேட்டாலும்" என்றார் அக்கா.

அவளையும் திரை போட்ட வண்டியில், பின் இருக்கையில் வைத்துத்தான் கூட்டிப் போனார்கள். வீட்டுக்குள் இறங்குவாள், வீட்டுக்குள்ளேயே ஏறுவாள். எந்தத் தெரு என்று தெரியாது. அது அவளுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. இடம் தெரியாதவள் எதை வரைந்தால் என்ன? உள்ளே கண்ணில் பட்ட அத்தனையையும் வரைந்தாள்.

அங்கே ஒரு தையல்காரி இருந்தாள். பிள்ளைகளின் சீருடை, ஜன்னல் திரை எல்லாம் அவள் கைவேலை. படத்தில் 'தையல்' என்று அவளுக்கும் ஒரு கட்டம் இருந்தது. உதட்டில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டே பேசுவாள். ஆறு வயதில் ஒரு மகள், முன்பல் இரண்டும் விழுந்தவள், எந்நேரமும் தையல் மேசைக்கு அடியில் இருப்பாள். எதனால் வந்தாய் என்று யாரையும் கேட்கக் கூடாது என்பது காப்பகத்தின் விதி. அவள் கேட்கவில்லை. தையல்காரி தானாகத்தான் சொன்னாள். அவள் கணவர் குடிநீர்த் துறையில் இருக்கிறார். இரண்டு தடவை ஓடினாள், இரண்டு தடவையும் கண்டுபிடித்துவிட்டார்.

"அவர் சத்தமே போட மாட்டார். எல்லாருக்கும் அவர் நல்லவர். மூணாவது தடவ போனா கூட்டிட்டு வர மாட்டேன்னு சொல்லியிருக்கார்."

"அப்படின்னா விட்டுருவாரா?"

தையல்காரி உதட்டிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள். "விடறதுக்கு நான் உயிரோட இருக்க மாட்டேன்னு அர்த்தம்" என்றாள்.

குடிநீர்த் துறை என்றதும் வகுப்பில் இருக்கும் தண்ணியின் நினைவு அவளுக்கு வராமல் இல்லை. வந்த வேகத்தில் போய்விட்டது. அந்தத் துறையில் ஆயிரக்கணக்கான பேர் வேலை செய்கிறார்கள். தவிர, இவர் டீ வாங்கித் தருகிறவர்.

படத்தில் அவள் மிகவும் பெருமைப்பட்ட பகுதி ஒன்று இருந்தது. அந்த வீட்டுக்குக் குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர் வரும், அதுவும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. தண்ணீர் வந்துவிட்டால் வீடே டிரம் நிரப்ப ஓடும். பாடம் நின்றுவிடும், தையல் நின்றுவிடும், அக்கா கூட்டம் போட்டிருந்தால் அதுவும் கலைந்துவிடும். வேலை முட்டி நிற்கும் இடம் இதுதான் என்று அவள் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தாள். ஒரு பெரிய தொட்டி வாங்கினால் தீரும் என்று ஓரத்தில் எழுதியும் இருந்தாள்.

அவள் முறை வந்தது. படத்தைச் சுவரில் ஒட்டி, துண்டு துண்டாக வெட்டிய வேலையின் அழகை விளக்கினாள். நூலகம் குறிப்பு எடுத்தாள். போக்குவரத்துகூட முழித்திருந்தார். இடைவேளைக்குச் சற்று முன்னால் தண்ணி கையைத் தூக்கினார்.

"பிரமாதமான வேலை மேடம். ஒரே ஒரு சின்ன சந்தேகம். தண்ணி மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம்னு போட்டிருக்கீங்க. மூணு மணி சுமாருக்கா?"

"ஆமா, மூணரைகூட ஆகும். முக்கால் மணி நேரம் வரும்" என்றாள். விளக்கிப் பழகிய வாய், யோசிக்கும் முன் சொல்லிவிட்டது.

"பசங்க நிறைய இருக்காங்கன்னா தண்ணி வீணாகுமே. விளையாடிட்டே இருப்பாங்க. என் பொண்ணும் அப்படித்தான். ரெண்டு முன்பல்லும் விழுந்திருக்கும் இப்ப."

வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் அந்த வார்த்தை உறைத்தது. விழுந்திருக்கும் என்கிறார். மகளோடு ஒரே வீட்டில் இருக்கும் தகப்பனுக்குப் பல் விழுந்ததா இல்லையா என்பது தெரிந்திருக்கும். ஊகிக்க வேண்டியதில்லை.

அவர் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. "டீ சொல்லவா மேடம்?" என்று கேட்டார்.

கழிப்பறைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டுக்குக் கீழே போய் நின்றாள். அக்காவுக்குப் போன் போட்டாள். நடந்ததைச் சொன்னாள். 'நிச்சயமா அவர்தானா' என்று அக்கா கேட்பார் என்று எதிர்பார்த்தாள். தனக்கே நிச்சயமில்லை என்று சொல்லி அழவும் தயாராக இருந்தாள். அக்கா அதைக் கேட்கவேயில்லை. நிச்சயம் செய்துகொள்ளக் காத்திருந்தால் நிச்சயம் வாசலில் வந்து நிற்கும் என்பது அவர்கள் கணக்கு. சந்தேகம் வந்தால் போதும், வீட்டைக் காலி செய்துவிட வேண்டும்.

"இன்னைக்கு தண்ணி வர்ற நாள்" என்றார் அக்கா, தனக்குத்தானே சொல்வது போல. "உன் வகுப்பு எப்ப முடியும்?"

"நாலரைக்கு."

"அது வரைக்கும் அவர் அங்கயே இருக்கணும். எப்படின்னு என்னைக் கேக்காத."

போலீசுக்குச் சொல்லிவிடலாமா என்று கேட்டாள். சொல்லத்தான் போகிறேன், ஆனால் ஒரு மனிதன் வகுப்பில் உட்கார்ந்து கேள்வி கேட்டான் என்பதற்கு அவர்கள் என்ன செய்வார்கள் என்றார் அக்கா. பிறகு, கோபமே இல்லாத குரலில் இதையும் சொன்னார்.

"நீ தெரிஞ்சோ தெரியாமலோ அவருக்கு வழி ஆயிட்டே. இனிமே இந்த நம்பர் இருக்காது. உனக்குத் தெரிஞ்ச ஆள் யாரும் உனக்குத் தெரிஞ்ச இடத்துல இருக்க மாட்டாங்க. என்ன ஆச்சுன்னும் யாரும் உனக்கு சொல்ல மாட்டாங்க. புரியுதில்ல?"

"புரியுதுக்கா" என்றாள். புரியாமல் எப்படி? அந்த விதியைக் கால்மணி நேரத்துக்கு முன்னால் வகுப்பில் பாராட்டிப் பேசியவளே அவள்தான்.

வீட்டைக் காலி செய்யும் ஒத்திகையை அவள் ஒருமுறை பார்த்திருக்கிறாள். மழை வருகிறது, துணியை எடுங்கள் என்று வீட்டுக்குப் போன் வரும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பை தயாராக இருக்கும். அதை எடுத்துக்கொண்டு முற்றத்தில் வரிசையாக நிற்க வேண்டும். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஆனால் வீட்டுக்குள் வர அனுமதி உள்ள வண்டி ஒன்றே ஒன்று. அது இரண்டு குடும்பத்தை ஏற்றிப் போய், வேறொரு இடத்தில் இறக்கிவிட்டு, சுற்று வழியில் திரும்பி வர வேண்டும். படத்தில் அதற்கும் ஒரு சிவப்பு வட்டம் போட்டிருந்தாள். தையல்காரி எந்த நடையில் ஏறுவாள்? முதல் நடையிலா, கடைசி நடையிலா? ஒன்றும் தெரியாமல் இருந்திருந்தால் கடவுளை வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். வண்டி எவ்வளவு மெதுவாக வரும் என்று துல்லியமாகத் தெரிந்தது, அதனால் பயம் இன்னும் அதிகமானது.

மாடி ஏறி வந்தபோது தண்ணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவசர வேலை, கொஞ்சம் சீக்கிரம் கிளம்புகிறேன் என்று பேராசிரியரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பேராசிரியர் தலையாட்டப் போனார்.

"சார், ஒரு நிமிஷம்" என்றாள் அவள். "தண்ணி சார் கேட்டதுலதான் என் படத்துல ஓட்டை இருக்குன்னு புரிஞ்சுது. காப்பகத்துக்குள்ள வேல நிக்குதுன்னு எழுதினேன். அது ஏன் நிக்குதுன்னு எழுதல. தண்ணிய ஏன் ஒரு நாள் விட்டு ஒரு நாள் விடறீங்கன்னு எங்க யாருக்குமே தெரியாது. நீங்க சொல்லிட்டுப் போனா நல்லாயிருக்கும்."

பேராசிரியருக்கு முகம் மலர்ந்தது. வேறு ஒரு துறையின் ஆள் வந்து விளக்குவதைவிட அவருக்குப் பிடித்த விஷயம் கிடையாது. சுண்ணக்கட்டியை எடுத்து நீட்டினார். தண்ணி கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். சுண்ணக்கட்டியை வாங்கினார்.

அவர் நன்றாக விளக்கினார். அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒரு மேல்நிலைத் தொட்டியை வரைந்தார். எல்லாத் தெருவுக்கும் ஒரே நேரத்தில் திறந்தால் தொட்டிக்குப் பக்கத்தில் உள்ளவன் குளிப்பான், கடைசியில் உள்ளவன் குழாயை உறிஞ்சுவான் என்றார். அதனால் நகரத்தை வலயம் வலயமாகப் பிரித்து, ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு வால்வு வைத்து, ஒன்றைத் திறக்கும்போது இன்னொன்றை மூடுகிறார்கள். தொட்டியில் இருக்கும் மொத்த எடையும் ஒரே பக்கம் இறங்கும்போதுதான் தண்ணீருக்கு மாடி ஏறும் வலு வரும். உதாரணத்துக்கு இரண்டாவது வலயத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லி, ஒரு பெரிய தெருவையும் அதிலிருந்து பிரியும் மூன்று சின்னத் தெருக்களையும் வரைந்து பெயரையும் எழுதினார். எழுதிவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெயர்களை அவள் அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தாள். இத்தனை மாதம் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து போய் வந்த தெரு, அந்த மூன்றில் ஒன்று.

நூலகம் குறுக்கே புகுந்து, தங்கள் தெருவில் போன வாரம் பாதியிலேயே தண்ணீரை நிறுத்திவிட்டீர்களே என்று சண்டைக்கு வந்தாள்.

"யாராவது சாக்கடை வாடை வருதுன்னு போன் பண்ணியிருப்பாங்க" என்றார் தண்ணி. மற்றப் புகார்களை விசாரித்துவிட்டு நடவடிக்கை எடுப்போம், அந்த ஒரு புகாருக்கு மட்டும் முதலில் வால்வை மூடிவிட்டுத்தான் விசாரணை என்று விளக்கினார். நூறு பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தபின் விசாரித்து என்ன பயன்?

"அப்ப எனக்கு யாரையாவது பிடிக்கலேன்னா ஒரு போன் போதும்" என்றார் போக்குவரத்து. எல்லாரும் சிரித்தார்கள்.

குழாய் எங்கே உடைந்திருக்கிறது என்று மண்ணுக்கு அடியில் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று அவள் கேட்டாள். கேள்வி தீர்ந்துவிடக் கூடாதே என்ற பதற்றத்தில் கேட்டது. தண்ணி புன்னகைத்தார். பையிலிருந்து முழங்கை நீள இரும்புக் கம்பி ஒன்றை எடுத்தார். ஒரு முனை கூர், மறுமுனையில் காதை வைக்கத் தோதாகச் சின்னக் கிண்ணம் போல ஒரு வளைவு.

"வாங்க, காட்டறேன்."

வராந்தாவில் சுவரோரம் ஓடிய குழாயில் கூர்முனையை வைத்து அவளைக் காது வைக்கச் சொன்னார். மற்றவர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். குனிந்து காதை வைத்தாள். இரும்பு குளிர்ந்திருந்தது. முதலில் ஒன்றுமில்லை. பிறகு எங்கோ கீழ்த்தளத்தில் யாரோ கை கழுவுவது, பக்கத்தில் நின்று பார்ப்பது போலக் கேட்டது. அந்த நேரத்திலும் 'அட' என்று அவள் மனம் வியந்தது. அந்த வியப்பை அவளால் மன்னிக்க முடியவில்லை.

அவர் பின்னால் நின்று, அவள் மட்டும் கேட்கும்படி பேசினார்.

"அந்த நேரத்துக்கு தண்ணி வாங்கறது மூணே தெரு. உங்க படத்த வச்சு நேத்தே நடந்து பாத்தேன். எல்லா வீடும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு, எல்லா கதவும் மூடித்தான் இருக்கு. பாத்தா தெரியாது மேடம். கேட்டாதான் தெரியும். பத்துக் குடும்பம் தண்ணி பிடிக்கிற வீட்டுல குழாய் நிக்கவே நிக்காது."

அவள் காதை எடுக்கவில்லை. எடுத்தால் திரும்ப வேண்டும், திரும்பினால் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"எனக்கு இன்னும் சரியா புரியல சார்" என்றாள்.

"எனக்குப் புரிஞ்சிருச்சு" என்றார் அவர். கம்பியைத் துடைத்துப் பையில் போட்டார். பேராசிரியருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் படிக்கட்டில் இறங்கினார். மணி மூன்றுகூட ஆகவில்லை. கீழே மோட்டார் சைக்கிள் ஒரே உதையில் கிளம்பியது.

அக்காவின் எண்ணை அழுத்தினாள். அந்த எண் அணைக்கப்பட்டிருக்கிறது என்றது போன். காப்பகத்தின் பொது எண்ணும் அடிக்கவில்லை. மருத்துவமனை டிரைவர் எண்ணும் இல்லை. சொன்னபடியே செய்திருந்தார்கள். அவர் கிளம்பிவிட்டார் என்ற ஒரு வரியைச் சொல்ல உலகத்தில் ஒரு ஆள் இல்லை. போலீசை அழைத்தாள். காப்பகம் எந்த வீடு என்று கேட்டார்கள். தெரியாது என்றாள். பெண்ணின் பெயர் கேட்டார்கள். அங்கே யாரும் சொந்தப் பெயரில் இல்லை. நிலையத்துக்கு நேரில் வந்து எழுதிக் கொடுங்கள் என்றார்கள்.

வகுப்புக்குள் வந்து நின்றாள். பலகையில் தொட்டியும் வால்வும் தெருக்களும் அப்படியே இருந்தன. தண்ணீர் திறந்தால்தான் சத்தம். சத்தம் வந்தால்தான் வீடு. முதலில் மூடுவோம், பிறகுதான் விசாரணை.

குடிநீர்ப் புகார் எண் எல்லார் வீட்டு ரசீதிலும் இருப்பது. வராந்தாவுக்கு வந்து அழைத்தாள். எடுத்த பெண் அலுப்போடு பேசினாள். பலகையில் எழுதியிருந்த பெரிய தெருவின் பெயரைச் சொல்லி, குழாயில் சாக்கடை வாடை அடிக்கிறது, தண்ணீர் கறுப்பாக வருகிறது என்றாள் அவள்.

"இன்னும் அங்க தண்ணியே திறக்கலையேம்மா."

"முந்தாநாள் பிடிச்ச தண்ணி. பையனுக்கு வாந்தி நிக்கல" என்றாள். அவளுக்குப் பையன் கிடையாது. அழுகை மட்டும் நிஜமாகவே வந்தது.

அந்தப் பெண்ணின் குரல் மாறியது. இன்று அந்த வலயத்தைத் திறக்க மாட்டார்கள், புகாரைப் பற்றி இன்ஸ்பெக்டர் ஒருவர் உங்களைத் திரும்பக் கூப்பிடுவார் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் செய்யக்கூடியது ஒன்றும் மிச்சமில்லை. உத்தரவு அலுவலகத்திலிருந்து வால்வு திறப்பவரின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அவர் போனை எடுக்க வேண்டும். எடுக்கும்போது வால்வில் சாவியை மாட்டித் திருகியிருக்கக் கூடாது. ஒரு வேலை ஒரு கையிலிருந்து அடுத்த கைக்குப் போகும் வழியில் எத்தனை இடத்தில் நிற்கும் என்று அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? பேராசிரியர் என்னவோ பேசிக்கொண்டிருந்தார். மூன்று தெருவிலும் காலி டிரம்மை வைத்துக்கொண்டு குழாயைப் பார்த்து நிற்பவர்களை நினைத்தாள். அவர்களுக்கு இன்று சமைக்கத் தண்ணீர் இல்லை. அவர்கள் நடுவே, பேசாத குழாயில் காதை வைத்தபடி ஒரு மனிதன் குனிந்திருப்பதையும் நினைத்தாள். எதிர்ப்பக்கத்து வீட்டிலிருந்து அந்த நேரம் பார்த்து ஒரு வண்டி வெளியே வந்தால்? தையல்காரியின் மகள் திரையை விலக்கிப் பார்த்தால்? நினைப்பு அதற்கு மேல் போகாமல் கையைக் கிள்ளிக்கொண்டாள்.

வகுப்பு முடியும்வரை காத்திராமல் எழுந்து, நேராகக் காவல் நிலையத்துக்குப் போனாள். எழுதிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டவர் இரண்டு முறை படித்துவிட்டு, அவர் உங்களை ஏதாவது மிரட்டினாரா என்று கேட்டார். குழாய்ச் சத்தம் கேட்கக் கற்றுக் கொடுத்தார் என்று சொன்னால் எப்படி இருக்கும்? வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். கணவன் தொட்டுப் பார்த்துவிட்டு, காய்ச்சல் இல்லையே என்றான். என்ன என்று கேட்டான். நாளைக்குச் சொல்கிறேன் என்றாள்.

மறுநாள் காலை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அந்த அம்புக்குறிப்படி அது கணவன் முறை, ஆனால் கைக்கு வேலை வேண்டியிருந்தது. போன் அடித்தது. தெரியாத எண்.

"குடிநீர்த் துறையிலேர்ந்து பேசறேன். நேத்து ரெண்டாவது ஜோனுக்கு புகார் குடுத்தது இந்த நம்பர்தானே?"

அதே மெதுவான குரல். குழாயை மூடினாள்.

"ஆஸ்பத்திரி மேடம்" என்றார் அவர். "அவங்கள எங்க கொண்டுபோய் வச்சிருக்கீங்க?"

பயத்தில் அவளுக்கு முதலில் கேள்வி மட்டும்தான் கேட்டது. அதற்குள் இருந்த சேதி உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. எங்கே என்று கேட்கிறார். தெரிந்தவர் கேட்க மாட்டார். நேற்றைக்கு அந்தத் தெருக்களில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. வண்டி எல்லா நடையையும் முடித்துவிட்டது. காப்பகத்திலிருந்து யாரும் சொல்லப் போவதில்லை என்றிருந்த சேதியை அவர் வாயே சொல்லிவிட்டது.

"எனக்குத் தெரியாது" என்றாள்.

"தெரியாதுதான். ஆனா உங்களுக்கு போன் நம்பர் இருக்கு, நம்பருக்கு ஒரு வீடு இருக்கு, வீட்டுக்கு ஒரு குழாய் இணைப்பு இருக்கு. எல்லாம் என் முன்னாடிதான் திறந்து வச்சிருக்கேன். பொறுமையா யோசிச்சு வைங்க. நான் நேர்ல வந்து கேட்டுக்கறேன்."

வைத்துவிட்டார்.

கணவன் செய்தித்தாளோடு வாசற்படியில் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியவில்லை. யார் என்று கேட்டான். தையல்காரியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள், வரிசை மாறி, பாதியில் பின்னால் போய், தான் வரைந்த சிவப்பு வட்டத்தையும் விடாமல். அவன் ஒரு கேலியும் செய்யவில்லை. கடைசியில் ஒன்று மட்டும் கேட்டான்.

"நேர்ல வரேன்னு சொன்னானா? அந்த வார்த்தைய சொன்னானா?"

"சொன்னார்."

"நேத்து ஸ்டேஷன்ல உன்கிட்ட மிரட்டினாரான்னு கேட்டாங்க இல்ல? இன்னைக்கு பதில் இருக்கு. கிளம்பு."

ஆணியில் தொங்கிய சட்டையை மாட்டிக்கொண்டான். அவள் ஈரக்கையைப் புடவையிலேயே துடைத்தாள். கதவைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்த்தாள், மறுபடியும் இழுத்துப் பார்த்தாள். தெருவில் ஞாயிற்றுக்கிழமையின் மந்தமான வெயில். பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டு அவள் நின்றுவிட்டாள். பால் வண்டி. அது கடந்து போகும் வரை நின்றாள். கணவன் அவளைச் சுவரோரமாக விட்டு, சாலைப் பக்கமாக மாறி நடந்தான்.